ஸ்கேல் எல்லாம் தெரியும், சோலோவும் ஸ்கேல் மாதிரியே கேட்கிறது: ஜாஸ் பியானோ இம்ப்ரொவைசேஷன் பயிற்சி

ராக்கோழி · பதிவு 1

வணக்கம். பாட்டு ஆட்டம் லீவ்ஸ் (Autumn Leaves), ஜி மைனரில், டெம்போ 120 (நிமிடத்துக்கு 120 பீட்). ஒவ்வொரு கார்டுக்கும் (chord, சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) உரிய ஸ்கேல் (நோட்டு வரிசை) மனப்பாடம். சி மைனர் 7-க்கு டோரியன், எஃப் 7-க்கு மிக்சோலிடியன், ஏ மைனர் 7 ஃப்ளாட் 5-க்கு லோக்ரியன். தப்பு நோட்டு எதுவும் விழுவதில்லை. ஆனாலும் வலது கை மாடிப்படி ஏறி இறங்குகிற மாதிரிதான் இருக்கிறது. இடது கையை நிறுத்தினால் எந்தக் கார்டு ஓடுகிறது என்றே தெரியவில்லை. இன்னும் ஸ்கேல் கற்க வேண்டுமா, அல்லது பயிற்சி முறையே வேறா? ஒரு நாளைக்கு 45 நிமிடம் ஒதுக்க முடியும்.

ஏழாம்கட்டை · பதிவு 2

ஸ்கேலைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். நீங்கள் சொன்ன மூன்றையும் நோட்டு நோட்டாகத் தாளில் எழுதிப் பாருங்கள். சி டோரியன், எஃப் மிக்சோலிடியன், ஏ லோக்ரியன் மூன்றிலும் இருப்பது அதே ஏழு நோட்டு, அதாவது பி ஃப்ளாட் மேஜர். பெயர்தான் மூன்று. முதல் எட்டு பாரில் (ஒரு பார் என்பது நான்கு பீட்) வெளியிலிருந்து வருவது டி 7-இன் எஃப் ஷார்ப் ஒன்றே ஒன்று. கார்டு மாறும்போது உங்கள் வலது கையில் எதுவும் மாறவில்லை, கேட்பவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

கார்டு மாறியதைக் காதுக்குச் சொல்வது தேர்டும் செவன்த்தும்தான் (கார்டின் அடி நோட்டிலிருந்து எண்ணினால் மூன்றாவது, ஏழாவது நோட்டு). ரூட்டை, அதாவது அடி நோட்டை, பாஸ் வாத்தியம் வாசித்துவிடும், ஃபிஃப்த் பெரும்பாலும் எந்தக் கார்டிலும் ஒரே நிறம். இந்தப் பாட்டின் கார்டு வரிசையில் (சி மைனர் 7, எஃப் 7, பி ஃப்ளாட் மேஜர் 7, இ ஃப்ளாட் மேஜர் 7, ஏ மைனர் 7 ஃப்ளாட் 5, டி 7, ஜி மைனர்) தேர்டையும் செவன்த்தையும் தேடி எடுத்தால் இரண்டு கோடுகள் கிடைக்கும்:

மேல் கோடு: இ ஃப்ளாட், இ ஃப்ளாட், டி, டி, சி, சி, பி ஃப்ளாட்
கீழ்க் கோடு: பி ஃப்ளாட், ஏ, ஏ, ஜி, ஜி, எஃப் ஷார்ப், ஜி

மேல் கோட்டில் முதல் இ ஃப்ளாட் சி மைனருக்குத் தேர்ட். அடுத்த பாரில் அதே இ ஃப்ளாட் எஃப் 7-க்குச் செவன்த். நோட்டு அசையவில்லை, அதன் பொருள் மாறிவிட்டது. மூன்றாம் பாரில் அரைப்படி (பக்கத்துக் கட்டை அளவு) இறங்கி டி ஆகிறது, அது பி ஃப்ளாட்டின் தேர்ட். கீழ்க் கோட்டின் கடைசி ஜி மட்டும் ரூட், மற்றதெல்லாம் தேர்ட் அல்லது செவன்த்.

முதல் வாரம் இடது கையில் ரூட் மட்டும், வலது கையில் மேல் கோடு, பாருக்கு ஒரு நோட்டு, டெம்போ 80. வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள். பிறகு வாசிக்காமல் பாடுங்கள், இடது கையில் ரூட் மட்டும் ஓடட்டும். பாட வராவிட்டால் கோடு இன்னும் காதுக்குள் போகவில்லை, விரலில்தான் இருக்கிறது. இரண்டு கோடும் பாட வந்தபின் ஒவ்வொரு பாரின் முதல் பீட்டில் கோட்டு நோட்டு, மீதி மூன்று பீட்டில் அடுத்த கோட்டு நோட்டை நோக்கி நடக்கிற மூன்று குவார்ட்டர் நோட்டு. எயித் நோட்டு (அரை பீட் நோட்டு) இப்போது வேண்டாம்.

இங்கே எல்லோருக்கும் வருகிற தவறு ஒன்று உண்டு. கோட்டு நோட்டு ஒரு பீட் தாமதமாக விழும். கார்டு வந்த பிறகு அதைப் பார்த்து யோசிப்பதால் வருவது இது. முந்தைய பாரின் மூன்றாம் பீட்டிலேயே அடுத்த நோட்டு எது என்று மனதில் முடிவாகியிருக்க வேண்டும்.

மூங்கில்விரல் · பதிவு 3

கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் இந்தப் பாட்டு நடபைரவிதான். டி 7 வரும் பாரில் மட்டும் காகலி நிஷாதம் வந்து கீரவாணி ஆகிறது. அதனால் முழுப் பாட்டையும் ஒரே ராகமாக நினைத்து கல்பனா சுவரம் போடத் தோன்றும். அப்படிப் போட்டால் நீங்கள் கேட்ட பிரச்சினைதான் வரும். அங்கே ஷட்ஜமும் பஞ்சமமும் தம்பூராவில் நிலையாக நிற்கின்றன, எந்தச் சுவரத்தில் நிற்கலாம் என்பதை ராகம் தீர்மானிக்கிறது. இங்கே நிற்கும் இடம் பாருக்குப் பார் நகர்கிறது. ஆனால் கல்பனா சுவரத்தில் எடுப்புக்குக் கணக்காக வந்து சேருகிற பழக்கம் இருக்கிறதே, அது அப்படியே உதவும். ஒவ்வொரு பாரின் முதல் பீட்டையும் ஒரு எடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பி_ஃப்ளாட்_பிரபா · பதிவு 4

ஏழாம்கட்டை சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். எயித் நோட்டுக்கு வரும்போது நடப்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். "தப்பு நோட்டே விழவில்லை, ஆனால் சரியாகவும் இல்லை" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். நோட்டு சரி, விழும் இடம் தப்பு.

எஃப் 7-க்கு மேலிருந்து இறங்கிப் பாருங்கள்: எஃப், இ ஃப்ளாட், டி, சி, பி ஃப்ளாட், ஏ, ஜி, எஃப். எட்டு எயித் நோட்டு, ஒரு பார். பீட் மேல் விழுபவை எஃப், டி, பி ஃப்ளாட், ஜி. முதல் பீட்டைத் தவிர மற்ற மூன்றும் எஃப் 7 கார்டில் இல்லாதவை. ஸ்கேலில் ஏழு நோட்டு, பாரில் எட்டு இடம், அதனால் கால் இடறுகிறது.

எஃப்-க்கும் இ ஃப்ளாட்டுக்கும் நடுவில் இ-யைச் சேருங்கள்: எஃப், இ, இ ஃப்ளாட், டி, சி, பி ஃப்ளாட், ஏ, ஜி. இப்போது பீட் மேல் எஃப், இ ஃப்ளாட், சி, ஏ. நான்கும் கார்டு நோட்டு. பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியை வாசிப்பவர்களின் கோடு கார்டு இல்லாமலேயே கார்டைச் சொல்வதற்குப் பெரிய காரணம் இந்த ஒரு நோட்டு. பியானோ கலைஞர் பாரி ஹாரிஸ் (1929–2021) நியூயார்க்கில் பல பத்தாண்டுகள் எடுத்த வகுப்புகளில் இதைத்தான் விதிவிதியாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார். கார்டு நோட்டில், பீட் மேல் இறங்கத் தொடங்கினால் ரூட்டுக்கும் செவன்த்துக்கும் நடுவில் ஒரு அரைப்படி சேர் என்பது அவற்றில் முதல் விதி.

இதை மேல் கோட்டின் டி-யில் கொண்டுபோய் இறக்குவது எப்படி? எஃப் 7 பாரை சி-யில் தொடங்குங்கள்:

சி, பி ஃப்ளாட், ஏ, ஜி, எஃப், இ, இ ஃப்ளாட், சி ஷார்ப் | டி

பீட் மேல் சி, ஏ, எஃப், இ ஃப்ளாட். கடைசி இரண்டு நோட்டைப் பாருங்கள். டி-க்கு மேலே அரைப்படி, டி-க்குக் கீழே அரைப்படி, அப்புறம் டி. இரண்டு பக்கமும் அணைத்துவிட்டு நடுவில் இறங்குவதால் அந்த டி தற்செயலாக வந்த மாதிரி இருக்காது. காத்திருந்து வந்த மாதிரி இருக்கும். இந்த ஒன்பது நோட்டை 60 டெம்போவில் இருபது தடவை வாசித்துவிட்டு உங்கள் பழைய மிக்சோலிடியனை ஒரு தடவை வாசியுங்கள். வித்தியாசத்தைக் காதே சொல்லும்.

பி ஃப்ளாட்டில் தொடங்க ஆசையா? அது கார்டு நோட்டு இல்லை, பீட் மேல் வைத்தால் எல்லாம் தலைகீழாகும். முதல் அரை பீட்டை விட்டுவிட்டு அதன் பின்பாதியில் தொடங்குங்கள். மேலே உள்ள அதே கோடு, சி மட்டும் இல்லை. மற்றதெல்லாம் தானாகச் சரியான இடத்தில் விழும்.

ராக்கோழி · பதிவு 5

நன்றி, அந்த சி ஷார்ப் உண்மையிலேயே வேறு மாதிரி கேட்கிறது. இப்போது அடுத்த சிக்கல். வலது கையில் கோடு ஓடினால் இடது கை நின்றுவிடுகிறது. இல்லையென்றால் ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் ரூட்டோடு நான்கு நோட்டுக் கார்டைப் போட்டு அமுக்கிவிடுகிறது. பாஸ் வாசிப்பவர் இல்லாமல், தனியாகத்தான் பயிற்சி.

இடக்கை · பதிவு 6

தனியாக என்றால் ரூட்டில்லாத வாய்சிங்கை (கார்டு நோட்டுகளைக் கையில் அடுக்கும் விதம்) தள்ளிப் போடுங்கள். பியானோ கலைஞர்கள் பில் எவன்ஸ், விண்டன் கெல்லி வாசித்தது அதுதான், ஆனால் அவர்களுக்கு அருகில் பாஸ் இருந்தது. பாஸ் இல்லாமல் அதைப் பழகினால் பாட்டு தரையில்லாமல் தொங்கும், உங்கள் காதும் கார்டு எது என்று குழம்பும்.

முதலில் இரண்டு நோட்டு போதும், ரூட்டோடு செவன்த் அல்லது தேர்ட். ஒன்றுவிட்டு ஒன்று மாறும்:

சி + பி ஃப்ளாட், எஃப் + ஏ, பி ஃப்ளாட் + ஏ, இ ஃப்ளாட் + ஜி, ஏ + ஜி, டி + எஃப் ஷார்ப், ஜி + எஃப்

மேல் நோட்டுகளை மட்டும் படியுங்கள். பி ஃப்ளாட், ஏ, ஏ, ஜி, ஜி, எஃப் ஷார்ப், எஃப். ஏழாம்கட்டை எழுதிய கீழ்க் கோடு அப்படியே இடது கையில் வந்துவிட்டது, கடைசி நோட்டு மட்டும் வேறு. வலது கைக்கு மேல் கோட்டைக் கொடுத்தால் பாட்டின் முழு உடம்பும் கையில் இருக்கிறது.

பாஸோடு வாசிக்கும் நாள் வரும்போது நான்கு நோட்டு, ரூட் இல்லாமல். மிடில் சி-க்குக் கீழே உள்ள இ ஃப்ளாட்டிலிருந்து:

சி மைனர்: இ ஃப்ளாட், ஜி, பி ஃப்ளாட், டி
எஃப் 7: இ ஃப்ளாட், ஜி, ஏ, டி
பி ஃப்ளாட்: டி, எஃப், ஏ, சி
இ ஃப்ளாட்: டி, எஃப், ஜி, பி ஃப்ளாட்

சி மைனரிலிருந்து எஃப் 7-க்கு ஒரே ஒரு விரல்தான் நகர்கிறது, பி ஃப்ளாட்டிலிருந்து ஏ-க்கு. கையைத் தூக்கவே வேண்டாம். ஆனால் இப்படியே இறங்கிக்கொண்டு போனால் ஜி மைனர் வரும்போது அடி நோட்டு மிடில் சி-க்குக் கீழே உள்ள சி-யையும் தாண்டிப் போய்விடும். அந்த ஆழத்தில் நெருக்கமான நோட்டுகள் கலங்கிக் கேட்கும். அதனால் ஐந்தாம் பாரில் மேலே தாவுங்கள்:

ஏ மைனர் 7 ஃப்ளாட் 5: ஜி, ஏ, சி, இ ஃப்ளாட் (இதில் மட்டும் ரூட் ஏ இருக்கும்)
டி 7: எஃப் ஷார்ப், பி ஃப்ளாட், சி, இ ஃப்ளாட்
ஜி மைனர்: எஃப், ஏ, பி ஃப்ளாட், டி

டி 7-இல் இருப்பது தேர்ட், ஃப்ளாட் 13, செவன்த், ஃப்ளாட் 9. அங்கிருந்து ஜி மைனருக்கு நான்கு விரலும் அரைப்படியோ முழுப்படியோ ஒன்றாகச் சரிகின்றன. அந்தச் சரிவின் சுகத்துக்காகவே இதைப் பழகலாம்.

எங்கே அடிப்பது என்பது தனிக் கதை. முதல் பீட்டில் எப்போதும் அடிக்காதீர்கள். 1950களில் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் பியானோ வாசித்த ரெட் கார்லண்ட் இடது கையை இரண்டாம், நான்காம் பீட்டின் பின்பாதியில் வைத்தார். நான்கின் பின்பாதியில் அடிப்பது அடுத்த பாரின் கார்டு என்பதை மறக்காதீர்கள். அந்த இரண்டு இடத்தையும் 15 நிமிடம் மெட்ரோனோமோடு தனியே வாசித்து, பேசிக்கொண்டே அடிக்க முடிகிற அளவுக்கு வந்தபின் வலது கையைச் சேருங்கள். பேச்சு வராத வரை வலது கைக்கு மனதில் இடம் இல்லை.

தாளக்கட்டு · பதிவு 7

மெட்ரோனோம் என்று எல்லோரும் சொல்கிறோம், எப்படி வைப்பது என்று யாரும் எழுதவில்லை. டெம்போ 120 என்றால் மெட்ரோனோமை 60-இல் வையுங்கள். கேட்கிற ஒவ்வொரு தட்டும் இரண்டாம் அல்லது நான்காம் பீட். தட்டைக் கேட்டவுடன் "இரண்டு" என்று சொல்லி, அடுத்த தட்டுக்கு நடுவில் "மூன்று", தட்டில் "நான்கு", நடுவில் "ஒன்று". முதல் இரண்டு நாள் மனம் தானாகத் தட்டை ஒன்று என்று எண்ணத் தொடங்கிவிடும். அப்போது வாசிப்பை நிறுத்தி, கைதட்டி, மறுபடி தொடங்குங்கள்.

ஸ்விங் எயித் நோட்டுக்கு நம்மிடமே சொல் இருக்கிறது. ஒவ்வொரு பீட்டையும் "தகிட" என்று மூன்றாகச் சொல்லுங்கள். முதல் எயித் நோட்டு "தகி" அளவு நீளும், இரண்டாவது "ட"-வில் விழும். 120-க்கு இது பொருந்தும். டெம்போ 200-ஐத் தாண்டிப் போகப் போக இரண்டும் சமத்தை நெருங்கும். அங்கே தகிட சொல்லிக்கொண்டிருந்தால் நொண்டும்.

அழுத்தம் எங்கே என்பதும் முக்கியம். பீட் மேல் விழும் நோட்டை ஓங்கி அடித்தால் மார்ச் மாதிரி ஆகும். பின்பாதி நோட்டில் லேசான அழுத்தம், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விரலை விடாமல் தொடுத்து வாசியுங்கள். சஸ்டெயின் பெடலை மிதிக்கவே வேண்டாம். பெடல் போட்டால் பிரபா எழுதிய அந்த இ ஃப்ளாட், சி ஷார்ப், டி மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கூழாகிவிடும்.

ராக்கோழி · பதிவு 8

ஐரியல் ப்ரோ (பின்னணி இசை தரும் செயலி) போட்டு அதோடு வாசிப்பது தப்பா? பாஸும் ட்ரம்ஸும் கிடைக்கிறதே.

தாளக்கட்டு · பதிவு 9

தப்பு என்றே சொல்வேன். அது உங்கள் தாளத்தைச் சுமந்துகொண்டு போகும். நீங்கள் பிந்தினாலும் முந்தினாலும் அது நிற்காது, பாட்டு நன்றாக இருப்பதாகத் தோன்றும். இரண்டு–நான்கு மெட்ரோனோமில் பிந்தினால் அடுத்த தட்டிலேயே பிடிபடும்.

ஏழாம்கட்டை · பதிவு 10

அவ்வளவு கறாராக வேண்டாம் என்பது என் கருத்து. ரூட்டில்லாத வாய்சிங்கைக் காதுக்குப் பழக்க பாஸ் தேவை, வீட்டில் அதற்கு வேறு வழி இல்லை. ஜேமி ஏபர்சோல்டு 1967-இல் தொடங்கிய ப்ளே-அலாங் (கூடவே வாசிப்பதற்கான பின்னணி) பதிவுகளிலிருந்து இன்றைய செயலி வரைக்கும் அந்தப் பயன் உண்மை. ஒரு வேலை செய்யுங்கள். செயலியில் பியானோவை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பியானோ ஒன்றோடொன்று மோதும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதே பத்து நிமிடத்தில் வாசித்ததை உடனே மெட்ரோனோமோடு வாசித்துப் பாருங்கள். அங்கே உடைந்தால் தாளம் இன்னும் உங்களுடையதாகவில்லை. இந்த விஷயத்தில் தாளக்கட்டு சொல்வது சரி.

பி_ஃப்ளாட்_பிரபா · பதிவு 11

இதுவரை பேசியதெல்லாம் கட்டுமானம். பேச்சு எங்கிருந்து வரும்? பதிவுகளிலிருந்துதான். பியானோ கலைஞர் லென்னி டிரிஸ்டானோ (1919–1978) தன் மாணவர்களை சாக்ஸபோன் கலைஞர்களான லெஸ்டர் யங், சார்லி பார்க்கர் சோலோக்களை முதலில் பாடச் சொன்னார், வாத்தியம் பிறகுதான். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பியானோக்காரருக்கு முதல் பதிவு என்று கேட்டால் மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் ப்ளூ (1959) ஆல்பத்தில் ஃப்ரெடி ஃப்ரீலோடர் என்ற பாட்டு. அந்த ஆல்பத்தில் விண்டன் கெல்லி வாசித்தது அந்த ஒன்றில் மட்டும், மற்றவற்றில் பில் எவன்ஸ். பி ஃப்ளாட்டில் 12 பார் ப்ளூஸ், கடைசி இரண்டு பாரில் மட்டும் ஏ ஃப்ளாட் 7. தீம் முடிந்ததும் முதல் சோலோ கெல்லிதான். மிதமான டெம்போ, கோடுகள் தெளிவு.

நான்கு பாரை எடுத்து ஒரு நாள் முழுக்கக் கேளுங்கள், பதிவோடு சேர்ந்து பாடுங்கள். பதிவை நிறுத்திவிட்டுப் பாட வந்த பிறகுதான் பியானோவில் தேட வேண்டும். வேகத்தைக் குறைக்கலாம், 70 சதவீதம் போதும். பாதிக்கும் கீழே போனால் நோட்டின் தொடக்கம் மங்கி, அழுத்தமும் ஸ்விங்கும் கேட்காமல் போகும், மிஞ்சுவது நோட்டு வரிசை மட்டும். தாளில் எழுதுவது கடைசி. எழுதியதைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினால் காது விடுமுறை எடுத்துக்கொள்ளும். பி ஃப்ளாட் ப்ளூஸில் டி ஃப்ளாட்டிலிருந்து டி-க்கு ஒரே விரலில் கருப்புக் கட்டையிலிருந்து வெள்ளைக்குச் சறுக்குவதை எந்த நோட்டேஷனும் முழுதாகக் காட்டாது.

முழு சோலோவையும் மனப்பாடம் செய்துவிட்டு ஒரு நோட்டும் சொந்தமாக வராதவர்கள் நிறைய. எடுத்த நான்கு பாரிலிருந்து இரண்டு பார் துண்டை உடையுங்கள். அதையே இரண்டாம் பீட்டில் தொடங்குங்கள். முடிவை மட்டும் மாற்றுங்கள். தாளத்தை அப்படியே வைத்து நோட்டை மாற்றுங்கள். பிறகு ஆட்டம் லீவ்ஸின் எஃப் 7 பாரில் கொண்டுவந்து பொருத்துங்கள். அப்போதுதான் அது உங்கள் கைக்கு வரும்.

இடக்கை · பதிவு 12

பிரபா சொன்ன துண்டைப் பன்னிரண்டு கீயிலும் வாசிக்க வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம்கட்டை · பதிவு 13

இடக்கை, இந்த நிலையில் வேண்டாம். 45 நிமிடத்தில் ஒரு துண்டைப் பன்னிரண்டு கீக்குக் கொண்டுபோனால் மிஞ்சுவது விரல் கணக்கு மட்டும். பி ஃப்ளாட் மேஜரும் ஜி மைனரும் தண்ணீர்பட்ட பாடு ஆகட்டும். அடுத்து எஃப், இ ஃப்ளாட். வாரம் ஒரு கீ என்றால் மூன்று மாதத்தில் சுற்று முடிந்துவிடும். நேரப் பங்கீடு கேட்டால் நான் சொல்வது: கோடுகளைப் பாடி வாசிக்க 10 நிமிடம், பிரபாவின் எஃப் 7 கோடு போன்ற ஒன்றுக்கு 10, பதிவுக்கு 10, மீதி 15 நிமிடம் நிறுத்தாமல் பாட்டு. அந்தப் பதினைந்தில் இரண்டு பார் வாசித்து இரண்டு பார் வலது கையை மடியில் வைத்துவிடுங்கள், அந்த இடைவெளியில் இடது கை மட்டும். மாடிப்படி மாதிரி கேட்பதற்குப் பாதிக் காரணம் மூச்சு விடாமல் வாசிப்பது.

ராக்கோழி · பதிவு 14

ஒரே ஒரு சந்தேகம். பிரபா, அந்த ஒன்பது நோட்டில் எஃப்-க்கு அப்புறம் விரல் மாட்டிக்கொள்கிறது. சி ஷார்ப்பில் கட்டைவிரல் வந்து விழுகிறது.

பி_ஃப்ளாட்_பிரபா · பதிவு 15

சி-யில் சுண்டுவிரலோடு தொடங்குங்கள். 5, 4, 3, 2, எஃப்-இல் கட்டைவிரல். அதன் மேல் நான்காம் விரலைத் தாண்டிக் கொண்டுவந்து இ-யில் வையுங்கள், இ ஃப்ளாட்டில் 3, சி ஷார்ப்பில் 2, டி-யில் மறுபடி 3. நீங்கள் எஃப்-க்குப் பிறகு மூன்றாம் விரலைத் தாண்டியிருப்பீர்கள், அதனால்தான் ஒரு விரல் குறைந்து கருப்புக் கட்டையில் கட்டைவிரல் விழுகிறது. தாண்டும் இடத்தில் மணிக்கட்டைத் தூக்காதீர்கள். தூக்கினால் இ மட்டும் பலமாகக் கேட்கும், அதுவோ பின்பாதியில் கடந்துபோக வேண்டிய நோட்டு. எஃப், இ, இ ஃப்ளாட் மூன்றை மட்டும் 50 டெம்போவில் தனியே எடுத்து, மூன்றும் ஒரே கனத்தில் வரும்வரை வாசித்துவிட்டு முழுக் கோட்டுக்குத் திரும்புங்கள்.